ஆவடியிலிருந்து டாங்கி எப்படி வெளியே போகும்?



கொஞ்சம் நீளமான பதிவு. காபி குடித்துக்கொண்டே பொறுமையாகப் படியுங்கள். பாதியில் நிறுத்தாதீர்கள், கடைசியில் உங்களில் சிலருக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

போன மாதம் என் தம்பி மகன் வீட்டுக்கு வந்தான். புதிதாக ஜீப் வாங்கியிருக்கிறான். ரோட்டில் ஓட்ட இல்லையாம், மேட்டிலும் சேற்றிலும் ஓட்டவாம். "அத்தை, சேத்துக்குன்னு தனியா டயர் போட்டிருக்கேன். அதைத் தார் ரோட்டுல முந்நூறு கிலோமீட்டர் ஓட்டினா தேஞ்சு போயிடும். ஒரு டிரெய்லர் வாங்கி, ஜீப்பை அதுமேல ஏத்தி, அப்பா காருக்குப் பின்னால மாட்டி இழுத்துட்டுப் போகப்போறேன்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டேய், நீ இப்போ கேட்கிற கேள்வியோடுதான் நம்ம ஊர் அறுபது வருஷமா குடித்தனம் நடத்துது" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். முப்பது வருஷம் வரலாறு நடத்தியவளை ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் தப்பித்துப் போக முடியுமா?

முதலில் ஒரு பொய்யைத் திருத்திவிடுகிறேன். "ஆவடி" என்பது ஆங்கிலத்தில் ஏதோ ராணுவ வண்டி, டிப்போ என்ற சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் என்று வாட்ஸ்அப்பில் வருஷத்துக்கு நாலு தடவை வருகிறது. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1955 ஜனவரியில் இங்கே காங்கிரஸ் மாநாடு நடந்தது. சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம் நிறைவேறிய மாநாடு. பத்தாம் வகுப்பில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக வருமே, அதேதான். அதற்கு "ஆவடி மாநாடு" என்றுதான் பெயர். டாங்கித் தொழிற்சாலைக்கு அடித்தளம் போட்டதோ 1961-இல். பிள்ளை பிறப்பதற்கு முன்பே பிள்ளையின் பெயரை அப்பாவுக்கு வைக்க முடியுமா? இனி யாராவது அனுப்பினால் இந்தப் பதில் போதும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். டாங்கி என்பது காட்டிலும் மேட்டிலும் மணலிலும் ஓட என்றே செய்த வண்டி. ஆனால் அதன் வாழ்நாளில் பெரும்பாலான தூரத்தை இன்னொரு வண்டியின் முதுகில்தான் கடக்கிறது. ஏன்?

வகுப்பில் கேட்டால் எல்லோரும் "வெயிட் ஜாஸ்தி டீச்சர், ரோடு உடைஞ்சிடும்" என்பீர்கள். பாதிதான் சரி. அர்ஜுன் டாங்கி 58.5 டன். ஆனால் அந்த எடை முழுவதும் இரண்டு நீளமான சங்கிலிப் பட்டைகளில் பரவி நிற்கிறது. கணக்குப் போட்டால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ கூட வராது. உங்கள் கார் டயர் தரையை அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் அழுத்துகிறது. அதனால்தான் கார் புதையும் சேற்றில் டாங்கி போகிறது.

பிறகு என்ன தொல்லை? டாங்கிக்கு ஸ்டியரிங்கில் திரும்பும் சக்கரம் கிடையாது. ஒரு பக்கப் பட்டை வேகமாகவும் மறுபக்கப் பட்டை மெதுவாகவும் ஓடித்தான் திரும்ப வேண்டும். அப்போது பட்டை தரையில் தேய்ந்து இழுபடும். தார் ரோட்டை அது உரித்துவிடும். ரோடு போவது ஒரு பக்கம் இருக்கட்டும், பட்டையும் போய்விடும், எஞ்சினும் தேயும், டீசலும் தீரும். போர்க்களத்துக்குப் போய்ச் சேரும்போது வண்டி பாதி உயிரோடு நிற்கும். என் தம்பி மகன் சொன்ன டயர் கதைதான். அவனுக்குப் பணம், அங்கே உயிர்.

இந்தத் தொல்லை டாங்கி பிறந்த அன்றே பிறந்தது. 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சில் பிரிட்டிஷ்காரர்கள் முதன்முதலாக டாங்கியைப் போரில் இறக்கினார்கள். அந்த வண்டியின் இரண்டு பக்கத்திலும் கன்னம் உப்பியதுபோல் பீரங்கிக் கூடு இருக்கும். ரயிலில் ஏற்றினால் அது இடிக்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் போல்ட்டைக் கழற்றி, கூட்டைத் தனியாக இறக்கி, வேறு சிறு வண்டியில் வைத்துக் கொண்டுபோய், இறங்கிய இடத்தில் மறுபடி மாட்டினார்கள். பின்னர் வந்த மார்க் 4 வகையில் அந்தக் கூட்டை உள்ளே தள்ளிக்கொள்ளும்படி மாற்றினார்கள். எதிரியின் குண்டு கற்றுத்தந்த பாடமில்லை இது. ரயில்வே சுரங்கமும் பிளாட்பாரமும் கற்றுத்தந்த பாடம்.

இரண்டாம் உலகப் போரில் ரோட்டு டிரெய்லர் பெரிதாக வந்தது. ஸ்கேமல், அமெரிக்காவின் டயமண்ட் டி போன்ற இழுவை வண்டிகள். டயமண்ட் டிக்குப் பின்னால் மாட்டிய டிரெய்லருக்கு மட்டும் 24 டயர்! ஏன் அத்தனை? எடையைப் பங்கு போடத்தான். கல்யாண வீட்டில் பெரிய அண்டாவை இரண்டு பேர் தூக்கினால் இடுப்பு போகும், எட்டுப் பேர் பிடித்தால் நடந்து போகலாம். டாங்கியின் பட்டை செய்யும் வேலையை இங்கே டயர்களின் எண்ணிக்கை செய்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1961-இல் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆயிற்று. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1965 செப்டம்பரில் பாகிஸ்தானோடு போர். அது முடிந்து, அதே வருஷம் டிசம்பர் மாதக் கடைசியில் முதல் விஜயந்தா இங்கிருந்து வெளியே வந்தது. அந்தக் காலத்தில்தான் நம் பக்கம் முகமே மாறியது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை, பாடியில் கம்பெனிகள், காலை ஷிப்ட் சங்கு, சைக்கிள் கூட்டம், டிபன் கேரியர். உங்களில் பாதிப் பேருடைய அப்பாவோ தாத்தாவோ அந்தச் சைக்கிள் கூட்டத்தில் இருந்தவர்கள்தானே?

ஏன் ஆவடி என்று கேட்டால் ஒரு காரணத்தை நம் எல்லோராலும் கண்ணால் பார்க்க முடியும். ரயில். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது இந்த வழியாகத்தான். அந்தப் பாதையிலிருந்து பிரிந்துதான் பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் போகிறது. மின்சார ரயில் பலகையில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, "சைடிங்னா என்ன டீச்சர்?" என்று கேட்ட பிள்ளைகள் உண்டு. முக்கியப் பாதையை மறிக்காமல், ஒதுங்கி நின்று சரக்கு ஏற்ற, இறக்க உள்ள கிளைப்பாதை. ராணுவத்துக்கு அது வாசற்படி மாதிரி.

விஜயந்தா சுமார் 39 டன். அகலம் சுமார் 3.17 மீட்டர். நம் அகல ரயில் பாதையில் ஒரு வண்டியும் அதில் ஏற்றிய சரக்கும் சேர்ந்து ஏறக்குறைய 3.25 மீட்டர் அகலத்துக்குள் அடங்க வேண்டும். விஜயந்தா உள்ளங்கை அகல இடைவெளியில் அடங்கிவிட்டது. அந்த உள்ளங்கை அகலம் எவ்வளவு பெரிய சௌகரியம் என்று அர்ஜுன் வந்த பிறகுதான் தெரிந்தது.

அர்ஜுனுக்கு 1974-இல் அனுமதி கிடைத்தது. ஆவடியிலேயே உள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்தது. 2004 ஆகஸ்டில் முதல் ஐந்து டாங்கிகள் ராணுவத்தின் கைக்குப் போயின. முப்பது வருஷம். அர்ஜுனின் அகலம் சுமார் 3.86 மீட்டர். அதாவது ரயில் அளவை விட அரை மீட்டருக்கும் மேலே. எதிரே வரும் ரயில், பிளாட்பாரம், சிக்னல் கம்பம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து, தனி அனுமதி வாங்கி, மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். அதற்கென்றே தனியாகத் தட்டை வேகன் வடிவமைத்தார்கள். 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் பிரதமர் ராணுவத் தளபதியிடம் ஒப்படைத்தாரே, அந்தப் புதிய அர்ஜுன் மார்க் 1ஏ, 68 டன். கவசம் கூடக் கூட எடை கூடும், எடை கூடக் கூடப் பாலமும் வேகனும் டிரெய்லரும் பெரிதாக வேண்டும். உள்ளே இருக்கும் நாலு வீரர்களைக் காக்கப் போடும் இரும்பு, அந்த வீரர்கள் போய்ச் சேரும் வழியைக் குறுக்குகிறது. யார் செய்தது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் ஒரு வண்டியை வரையும்போதே அதைச் சுமக்கப் போகும் வண்டியையும் மனதில் வரைய வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது.

ரோட்டுக் கணக்கும் பாருங்கள். 2018-இல் சட்டத்தைத் தளர்த்திய பிறகும், சாதாரண டிரெய்லர் லாரி ஒன்று தன் எடை, டிரெய்லர் எடை, சரக்கு எல்லாம் சேர்த்து 55 டன்னுக்கு மேல் போகக்கூடாது. அர்ஜுன் தனியாகவே 58.5. ஆகவே ராணுவத்துக்கென்று தனி இழுவை வண்டி, தனி டிரெய்லர்.

இது வரை புத்தகத்தில் படித்தது. இனிச் சொல்வது ஒரு மாணவனிடம் நான் கற்றது.

1989-இல் என் ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு பையன். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஒரு நாள் பாடத்தைக் கவனிக்காமல் நோட்டின் பின்பக்கம் வண்டி படம் வரைந்துகொண்டிருந்தான். நான் நோட்டைப் பிடுங்கி, எல்லோருக்கும் காட்டி, "நீயெல்லாம் லாரி ஓட்டத்தான் லாயக்கு" என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவனும் சிரித்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் பூந்தமல்லி பைபாஸ் பக்கம் டீக்கடை ஒன்றில், நரைத்த மீசையோடு ஒருவர் "டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்று வந்து நின்றார். அவன்தான். கனரக டிரெய்லர் ஓட்டுகிறான். பொக்லைன், ரோடு ரோலர் மாதிரி ரோட்டில் ஓட்டக்கூடாத வண்டிகளை லோ பெட் டிரெய்லரில் ஏற்றிப் பெங்களூரு, ஓசூர், விசாகப்பட்டினம் வரை கொண்டுபோகிற வேலை. தம்பி மகன் டிரெய்லர் என்றதும் அவனுக்குத்தான் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு காகிதத்தில் படம் வரைந்து இரண்டு மணி நேரம் சொல்லித் தந்தான். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் நான் பிடுங்கிய அதே கை.

அவன் சொன்னதில் எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். ஜீப் வைத்திருக்கும் பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, டிரெய்லர் வாங்கப் போகும் முன் இழுக்கும் வண்டியின் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். எவ்வளவு எடை இழுக்கலாம் என்று அதில் போட்டிருப்பார்கள். ஜீப் 1,750 கிலோ, டிரெய்லர் 600 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 2,350 கிலோ. "எஞ்சின் இழுக்கும் தம்பி. நிறுத்துமா? அதைக் கேளு" என்றான். இழுப்பதற்கு ஒரு வண்டியின் பலம் போதும், நிறுத்த இரண்டு வண்டியின் பிரேக்கும் வேண்டும். ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேல் போனால் டிரெய்லருக்கே தனி பிரேக் கட்டாயம். டிரெய்லரும் சட்டப்படி ஒரு வண்டிதான், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, எடை எங்கே உட்காருகிறது என்பது. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடவும் இருக்கலாம், முன்பக்கக் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். 2,350 கிலோவுக்கு 235 கிலோவாவது. பின்பக்கம் எடை கூடினால் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும். வேகம் கூடக் கூட ஆட்டம் கூடி, கடைசியில் வால் நாயை ஆட்டும். ஜீப்பின் கனம் எஞ்சின் இருக்கும் முன்பக்கத்தில். ஆகவே பெரும்பாலும் நேராக ஓட்டி ஏற்றுவதே நல்லது. இறக்கச் சுலபமாக இருக்குமே என்று ரிவர்ஸில் ஏற்றினால் கனம் பின்னால் போய்விடும். ஆடத் தொடங்கினால் பதறி ஸ்டியரிங்கை வெட்டக்கூடாது, காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்கவும் கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறையவிட வேண்டும்.

மூன்றாவது, கட்டுவது. நாலு மூலையிலும் நாலு கட்டு, ஒவ்வொன்றும் தனித்தனியாக. ஒன்று அறுந்தாலும் மற்ற மூன்று பிடிக்க வேண்டும். முன்பக்கக் கட்டு முன்னோக்கியும் பின்பக்கக் கட்டு பின்னோக்கியும் இழுக்க வேண்டும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. கியரில் போட்டு ஹேண்ட் பிரேக். டாங்கியாக இருந்தால் பீரங்கிக் குழாயையும் மேல்கூட்டையும் பூட்டிவிடுவார்கள், வளைவில் குழாய் தானாகச் சுற்றினால் எதிரே வரும் பஸ் என்ன ஆகும்? புறப்பட்டுப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் ஓரமாக நிறுத்தி எல்லாக் கட்டையும் மறுபடி இறுக்க வேண்டும். குலுங்கி உட்கார்ந்ததும் கட்டு தளர்ந்திருக்கும்.

நாலாவது, ஏற்றும்போது சைகை காட்ட ஒரே ஒரு ஆள். "ரெண்டு பேரு கை காட்டினா டிரைவர் யாரைப் பார்ப்பான்?" அந்த ஆள் டிரைவர் கண்ணில் படும்படி, தள்ளி நிற்க வேண்டும். சரிவுப் பலகைக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவே கூடாது.

இதைச் சொல்லும்போது அவன் குரல் மாறியது. பல வருஷத்துக்கு முன், மழை பெய்த ஒரு மாலை. சேறு அப்பிய பொக்லைன். அதன் பட்டையும் இரும்பு, சரிவும் இரும்பு, நடுவில் சேறு. முதலாளி போனில் அவசரப்படுத்துகிறார். பலகைக்கு மேல் மரக்கட்டை போட நேரமில்லை. வண்டி பாதி ஏறி, பக்கவாட்டில் வழுக்கிவிட்டது. கீழே நின்றிருந்த கிளீனர் பையனுக்கு வலது பாதம் போயிற்று. அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. "அன்னிலேர்ந்து மழை பெஞ்சா நான் ஏத்த மாட்டேன் டீச்சர். வேலையை விட்டு நிறுத்தினாலும் சரி. ரெண்டு தடவை நிறுத்தியும் இருக்காங்க" என்றான். அந்தக் கிளீனருக்கு இப்போது ஒரு சின்னப் பெட்டிக்கடை. கடை வைக்க முதல் பணம் கொடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

கடைசியில் தம்பி மகன் காரின் புத்தகத்தை எடுத்து வந்தான். அது இழுக்கக்கூடிய எடை, இவன் இழுக்க நினைத்ததில் பாதிகூட இல்லை. முகம் தொங்கிவிட்டது. "தம்பி, வருஷத்துக்கு மூணு தடவை போறதுக்கு எதுக்கு டிரெய்லர்? கார் ஏத்துற தட்டை லாரி ஒண்ணு வாடகைக்கு எடு. ஏத்தும்போது நான் வந்து நிக்கறேன்" என்றான் அவன். அப்படியே முடிவாயிற்று.

கிளம்பும்போது வாசலில் நின்று, "நீங்க அன்னிக்குச் சொன்னது பலிச்சிடுச்சு பாத்தீங்களா டீச்சர்?" என்று சிரித்தான். வன்மமே இல்லாத சிரிப்பு. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் அந்த வார்த்தையை அவன் மறக்கவில்லை. "அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுப்பா" என்றேன். "அட விடுங்க டீச்சர்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஐம்பது பிள்ளைகள் முன்னால் சொன்ன வார்த்தையைத் திண்ணையில் தனியாகத் திரும்ப வாங்கினால் கணக்குத் தீராது. அதனால்தான் இந்தப் பதிவு. அந்த வகுப்பில் சிரித்தவர்கள் பலரும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நான் சொன்னது தவறு. அறுபது டன்னோ இருபது டன்னோ, ஒரு சுமையை யாருக்கும் காயமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரிய படிப்பு. அந்தப் படிப்பில் அவன் எனக்கு வாத்தியார். டாங்கி செய்தவர்களின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. அதை வேகனில் ஏற்றி, கட்டை போட்டு, சங்கிலியை இறுக்கி, இரவோடு இரவாகக் கொண்டுபோனவர்களின் பெயரை நான் எந்தப் பாடத்திலும் நடத்தவில்லை.

உங்கள் அப்பாவோ தாத்தாவோ மாமாவோ ஆவடி, பட்டாபிராம் பக்கம் அந்த ஏற்றும் வேலையில் இருந்திருந்தால், அவர்கள் வீட்டில் சொன்ன கதைகளைக் கீழே எழுதுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை சி.டி.எச். ரோட்டில் நீளமான டிரெய்லர் ஒன்று திரும்ப இடமில்லாமல் நின்றால், ஹாரன் அடிக்காமல் இரண்டு நிமிஷம் பொறுங்கள். ஓட்டுவது உங்களோடு படித்தவனாக இருக்கலாம்.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்